ஆணி இறங்காத சுவர்

முகம்மது யூசுபுக்கு அந்த வீட்டில் சொந்தமென்று இருந்தவை நாலு கைலி, ஒரு மூக்குக்கண்ணாடி, வாசலில் கழற்றிவிடும் செருப்பு. மற்றதெல்லாம் மனைவி நஃபீசாவுடையது. தரங்கம்பாடிக்குத் தெற்கே இருக்கும் அந்தக் கடலோர ஊரில் அதுதான் வழக்கம்: வீடு பெண்ணுக்கு. ஆண்பிள்ளை நிக்காஹ் அன்று பூமாலையும் அத்தர் வாசனையுமாகப் பெண் வீட்டுக்குள் நுழைந்தால், அதற்கப்புறம் அங்கேயே இருந்துவிட வேண்டியதுதான். "கல்யாணத்தன்னைக்கு விருந்துக்கு வந்தவன் நான். இன்னும் யாரும் போயிட்டு வாங்கன்னு சொல்லல, அதான் இருக்கேன்" என்று கடைத்தெருவில் சொல்லிச் சிரிக்க வைப்பார். கடைத்தெருவில் அவருக்கு ஒரு கடை இருந்தது. தார்ப்பாய், கயிறு, மீன்வலை, குடை. ஐப்பசி அடைமழையில் ஊரே வானத்தைத் திட்டும்போது யூசுப் மட்டும் கல்லாவில் உட்கார்ந்து அல்ஹம்துலில்லாஹ் சொல்லிக்கொண்டிருப்பார். அதையும் அவரேதான் வெளியே சொல்வார்.

வீடு பெரிது. நஃபீசாவின் முப்பாட்டனார் கட்டியது. பினாங்குக்குக் கப்பலில் அரிசி அனுப்பியவர். இந்த வீட்டுக்காகவே ஆற்றங்கரையில் ஒரு சூளை போட்டு, வேலை முடிந்ததும் அதை அணைத்துவிட்டாராம். அந்தக் கல்லை ஊரில் வேறெங்கும் பார்க்க முடியாது. உள்ளங்கை அகலம், இரண்டு விரல் கனம். செங்கல் என்று சொன்னால்தான் தெரியும். இல்லாவிட்டால் பேக்கரி வர்க்கி என்று டீயில் நனைத்துவிடலாம். உத்திரமெல்லாம் பர்மாத் தேக்கு. உத்திரத்தின் மேல் கல்லைச் செங்குத்தாக நிறுத்தி அடுக்கி, அதற்கு மேல் கூரையாகச் சுண்ணாம்புத் தளம். கிழக்கே ஒரு முற்றம், மேற்கே ஒரு முற்றம். இரண்டுக்கும் நடுவே, தெருவாசலிலிருந்து கொல்லை வரை ஒரே நீளமாக ஒரு சுவர். இரண்டு பக்கத்து உத்திரங்களும் அந்த நடுச்சுவரில்தான் பல்லைப் பதித்து உட்கார்ந்திருந்தன.

குடும்பத்துக்குப் பெருமையே அந்தச் சுவர்தான். கண்ணாடி போல் வழவழவென்று இருக்கும். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் முட்டை வெள்ளையும் போட்டு அரைத்த சுண்ணாம்பு என்பார்கள். முட்டைகளின் எண்ணிக்கை தலைமுறைக்குத் தலைமுறை ஏறிக்கொண்டே வந்தது. முப்பாட்டனார் காலத்தில் கூடையில் வந்த முட்டை, நஃபீசாவின் உம்மா காலத்தில் வண்டியில் வந்தது. நஃபீசா சொல்லும்போது திருவாரூர் வரை கோழிகள் ராத்திரி பகலாக முட்டையிட்டுக்கொண்டிருந்தன. "ஆணி இறங்காது எங்க சுவத்துல" என்பாள். உண்மைதான். அந்த வீட்டில் காலண்டர்கூட ஜன்னல் கம்பியில்தான் தொங்கியது.

நஃபீசாவின் உம்மா கண்மூடுவதற்கு முன் வீட்டை இரண்டு பெண்களுக்கும் பிரித்தார். மேற்குப் பாதி மூத்தவள், நஃபீசாவின் லாத்தா கமருன்னிஸாவுக்கு. கிழக்குப் பாதி நஃபீசாவுக்கு. நடுச்சுவரில் இருந்த வாசல்களை அடைத்தார்கள். இத்தனை வருஷமும் இரண்டு குடும்பமும் ஒரே சுவரின் இரண்டு கன்னத்திலும் சாய்ந்து உட்கார்ந்து காலம் தள்ளின.

போன வருஷம் கமருன்னிஸாவின் கணவர் நௌஷாத், புருனேயில் கடை வைத்திருந்தவர், ஒரேயடியாக ஊருக்கு வந்து சேர்ந்தார். யூசுபுக்கு அவர் நானா, அண்ணன் முறை. மேற்குப் பாதியை இடித்துவிட்டு மாடி வைத்து கான்கிரீட் வீடு கட்டுவதென்று முடிவானது. பக்கத்துத் தெருவில் வாடகைக்குப் போனார்கள். பிளான் போட வந்த இன்ஜினியர் ஒரே ஒரு விஷயம் சொன்னார்: நடுச்சுவரையும் எடுத்துவிட வேண்டும். அந்த இடத்தில் தூண் எழுப்பிப் புதுச்சுவர் கட்டி, இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகக் கொடுத்துவிடலாம். ஆனால் அதற்கு நஃபீசா பக்கத்துத் தளத்தையும் சுவரோரமாகப் பிரிக்க வேண்டியிருக்கும்.

பிரிக்க வேண்டிய தளத்துக்குக் கீழேதான் மாப்பிள்ளை அறை இருந்தது.

மகள் ஹஃப்ஸாவுக்கு டிசம்பரில் நிக்காஹ். மாப்பிள்ளை அஸார் துபாயிலிருந்து ஒரு மாத லீவில் வருகிறான். அவன் வந்து இருக்கப்போகும் அறைக்கு ஏசி மாட்டி, இளம்பச்சை பெயிண்ட் அடித்து, கட்டில் போட்டாயிற்று. அஸாரின் உம்மா அறையை வந்து பார்த்து, கட்டிலை அழுத்திப் பார்த்து, குழாயைத் திறந்து பார்த்து, பிறகுதான் சம்மதம் சொன்னாள். நல்ல பையன். இந்த லீவு தவறினால் அடுத்தது எப்போதோ. அறை இல்லையென்றால் மாப்பிள்ளை இல்லை.

"நிக்காஹ் முடியிற வரைக்கும் அந்தச் சுவத்துல ஒருத்தனும் கை வைக்கக்கூடாது" என்றாள் நஃபீசா. "வச்சா நான் அதுக்கு முன்னாடி போய்ப் படுத்துக்குவேன். நீங்க போய்ப் பேசிட்டு வாங்க."

"நான் பேசினா சிரிப்பாங்களே நஃபீசா."

"சிரிக்கட்டும். சிரிச்சுக்கிட்டே குடுக்கட்டும்."

ஜமாஅத் ஆபீசில் பஞ்சாயத்து கூடியது. யூசுப் வாழ்நாளில் எதற்காகவும் வாதாடியதில்லை. துணிக்கடையில் பேரம் பேசக்கூடக் கூச்சப்படுவார். அன்று எழுந்து நின்றதும் எங்கிருந்தோ வாய் வந்தது. முப்பாட்டனாரைக் கூப்பிட்டார், கப்பலைக் கூப்பிட்டார், சூளையைக் கூப்பிட்டார். கடைசியில் முட்டையையும் கூப்பிட்டார்.

"நூறு வருஷத்துக்கு மேல நிக்கிது நானா. புயல்ல நின்னுச்சு, சுனாமி வந்த வருஷமும் நின்னுச்சு. அத்தனை முட்டையும் நமக்குக் கிடைச்சிருந்தா ஊருக்கே ஆம்லெட் போட்டிருக்கலாம். எல்லாத்தையும் அந்தப் பெரிய மனுஷன் சுவத்துக்கு ஊட்டிருக்காரு. ஆணி அடிச்சா ஆணிதான் வளையும். அதைப் போய் இடிக்கணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நௌஷாத்தும் சிரித்துவிட்டார். "சரி யூசுபு. சுவரு முழுசும் நீங்களே வச்சிக்கிங்க. நான் ஒரு முழம் தள்ளிக் கட்டிக்கிறேன். ஒரு சுவத்துக்காக அக்கா தங்கச்சி மூஞ்சியத் திருப்பிக்கிட்டு இருக்க வேணாம்."

ஆனாலும் திருப்பிக்கொண்டார்கள். தன் வீட்டு விவகாரம் பஞ்சாயத்துக்குப் போனதே கமருன்னிஸாவுக்குப் பொறுக்கவில்லை. அதன் பிறகு அவள் இந்தப் பக்கம் வரவில்லை. நஃபீசாவும் அந்தப் பக்கம் போகவில்லை. அன்று ராத்திரி நஃபீசா யூசுபின் தட்டில் வஞ்சிர மீன் நடுத்துண்டை வைத்தாள். அது எப்போதும் வீட்டுக்கு வருகிற விருந்தாளிக்குப் போகிற துண்டு. யூசுப் அதை எடுத்த எடுப்பில் சாப்பிட்டுவிடவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

புரட்டாசியில் ஜேசிபி வந்தது. முப்பாட்டனாரின் மேற்குப் பாதி இரண்டே நாளில் லாரி ஏறியது. உத்திரங்களை உருவியதும் நடுச்சுவரில் வரிசையாகப் பொந்துகள் தெரிந்தன. குறுக்குச்சுவர்களைப் பிடுங்கிய இடமெல்லாம் வழவழத்த சுண்ணாம்பு தோல் தோலாக உரிந்து, சுவரின் சதை வெளியே தெரிந்தது.

சாயங்காலம் வேலையாட்கள் போனபிறகு யூசுப் தன் சுவரைப் பார்க்கப் போனார். ஜெயித்த பொருளை ஒருமுறை தடவிப் பார்க்க வேண்டும் என்று ஒரு ஆசை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே விரலை வைத்தார். விரல் கணு வரை உள்ளே போனது.

மண். வயலில் எடுத்துக் குழைத்து வைத்த வெறும் களிமண். உள்பக்கத்துக் கற்களில் பாதி சரியாக வேகாதவை. நகத்தால் கீறினால் மஞ்சளாக உதிர்ந்தன. யூசுபுக்கு அந்தப் பெரிய மனுஷனின் கணக்கு அப்போது விளங்கியது. மழையைப் பார்க்கிற வெளிச்சுவர்களுக்குச் சுண்ணாம்பும் நல்ல கல்லும். நடுச்சுவர் மழையையே பார்க்கப் போவதில்லை. இரண்டு பக்கமும் கூரை. அதற்கு மண்ணே போதும். மேலே மட்டும் விரல் கனத்துக்குச் சுண்ணாம்பைத் தீட்டி, முட்டையைத் தடவி வழவழப்பாக்கினால் யார் கேட்கப்போகிறார்கள்? வியாபாரி. கப்பலில் அரிசி மூட்டையை அடுக்கும்போதும் மேல்மூட்டையை நல்லதாக வைத்திருப்பார்.

அவர் செய்ததில் தப்பு இல்லை. அந்தச் சுவரை நூறு வருஷம் கழித்து ஒரு தார்ப்பாய்க்காரன் வாதாடி வாங்கி, அம்மணமாக மழையில் நிறுத்துவான் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

யூசுப் வீட்டில் சொல்லவில்லை. கடையைத் திறந்து, இருந்ததிலேயே கனமான நீலத் தார்ப்பாய்களை எடுத்துவந்து சுவரின் மேற்கு முகம் முழுக்கக் கட்டினார். தெருவில் போனவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"என்ன பாய், சுவத்துக்கு ரெயின்கோட்டா?"

"சளி பிடிக்கும்ல. வயசான சுவரு."

ஐப்பசி பிறந்ததும் வானம் பிய்த்துக்கொண்டது. கடலிலிருந்து வந்த காற்று தார்ப்பாயைக் கப்பல் பாய் மாதிரி உப்ப வைத்து, கயிற்றை அறுத்தது. யூசுப் மறுபடி கட்டினார். காற்று மறுபடி அறுத்தது. கடையில் தார்ப்பாய் வாங்க வந்தவர்களிடம் "நல்லா உழைக்கும்" என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. தண்ணீர் சுவரின் தலையில் விழுந்து, அதற்குள்ளேயே இறங்கியது. வெளியே ஒரு சொட்டும் தெரியவில்லை.

மாப்பிள்ளை அறையில்தான் முதலில் தெரிந்தது. இளம்பச்சைப் பெயிண்ட் ஒரு இடத்தில் வயிறு தள்ளியது. உத்திரத்தடியில் சொட்ட ஆரம்பித்தது. நஃபீசா கட்டிலை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் ஒரு அலுமினிய அண்டாவை வைத்தாள்.

"பெயிண்டு மட்டமானது" என்றாள். "வாங்கினது யாரு?"

"நஃபீசா, உட்காரு. பெயிண்டு இல்ல. சுவரு மண்ணு."

"என்னது?"

"உள்ள பூரா மண்ணு. நான் விரலை விட்டுப் பாத்தேன். தண்ணி இறங்கி ஊறிப் போயிருக்கு. எடுத்துடணும்."

நஃபீசா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஏதாவது வேடிக்கை வரப்போகிறதா என்று காத்திருந்தது மாதிரி இருந்தது. வரவில்லை என்றதும் முகம் சிவந்தது.

"எங்க முப்பாட்டனாரு மண்ணுல வீடு கட்டினாரா? மலாய் நாட்டுக்குக் கப்பல் விட்டவரு? யாரு ஓதினா உங்க காதுல, லாத்தாவா? நிக்காஹ் நெருங்குறப்ப அறையப் பிரிக்கச் சொல்றீங்களே, புள்ள முகத்தைப் பாத்தீங்களா? ஹஃப்ஸா! அந்தச் சுத்தியல எடுத்தா."

ஹஃப்ஸா சுத்தியலும் ஆணியும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு வாப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நஃபீசா ஈரம் படாத ஒரு இடமாகப் பார்த்து ஆணியை வைத்து ஓங்கி அடித்தாள். டங்கென்று சத்தம் வந்தது. ஆணி கொக்கி மாதிரி வளைந்துவிட்டது. அதை எடுத்து யூசுபின் உள்ளங்கையில் வைத்தாள்.

"மண்ணா இது? சொல்லுங்க. மண்ணா?"

அந்த ஆணியைக் கையில் வைத்துக்கொண்டு யூசுப் நின்ற நிற்பில், ஒரு கணம் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. அவ்வளவு அழகாக வளைந்திருந்தது. ஜமாஅத்தில் அவர் சொன்ன அதே வாதம். அவரிடமே திரும்பி வந்து நின்றது.

கடைசியில் ஒரு சமாதானம் ஆனது. நஃபீசா நம்பவில்லை, ஆனால் புருஷன் சாப்பிடாமல் இருப்பதைப் பார்த்து இறங்கினாள். மழை விடும் வரை எல்லோரும் முன்னறையில் படுத்துக்கொள்வது. சுவர் விஷயம் நிக்காஹ் முடிந்து. யூசுப் கட்டிலையும் பெட்டியையும் இழுத்து முன்னறைக்குக் கொண்டுவந்தார்.

இரண்டு நாள் மழை விடவில்லை. மூன்றாம் நாள் மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்தவர் மாப்பிள்ளை அறையை எட்டிப் பார்த்தார். பச்சை வயிறு இன்னும் பெருத்திருந்தது. யாரிடமும் சொல்லாமல் குடையை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தெருவுக்கு நடந்தார்.

கதவைத் திறந்தது கமருன்னிஸா. அவர் கையிலிருந்த குடையை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, "குடைக்கடை வச்சிருக்கறவரு ஓட்டைக் குடையோட வந்து நிக்கிறதப் பாரு" என்றாள். "உள்ள வாங்க தம்பி. தலையத் தொடைங்க."

யூசுப் நௌஷாத்தின் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். மண், விரல், ஆணி. சொல்லும்போது நௌஷாத் திட்டுவார் என்று எதிர்பார்த்தார். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு, "யா அல்லாஹ், எனக்கும் தெரியலையே யூசுபு. நானும் முட்டைன்னுதான் நெனச்சேன்" என்றார். உடனே போனை எடுத்து மேஸ்திரி செல்லதுரையைக் கூப்பிட்டார். "நாளைக்குக் காலையில ஆளோட வந்துடு. மழையாவது மண்ணாவது. மொதல்ல தளத்துக்கு முட்டுக் குடுத்துட்டு, சுவத்த மேலேருந்து எடுத்துடுவோம்."

"நஃபீசா ஒத்துக்க மாட்டா நானா. மாப்பிள்ளைக்கு அறை வேணுமே."

அடுப்படியிலிருந்து கமருன்னிஸாவின் குரல் வந்தது. "ஏன், நாங்க செத்தா போயிட்டோம்? இந்த வாடகை வீட்டு மாடியில ரூம் இருக்கு. பாத்ரூமோட. ஹஃப்ஸா எனக்கும் பொண்ணுதானே. அஸார் உம்மாகிட்ட நான் பேசுறேன். கட்டிலத்தானே அழுத்திப் பாப்பா அந்தம்மா? அழுத்திட்டுப் போகட்டும்."

இவ்வளவுதானா? புரட்டாசியிலேயே இந்தத் தெருவைத் தாண்டி வந்திருந்தால் புரட்டாசியிலேயே முடிந்திருக்கும். கமருன்னிஸா டீயும் பொரித்த இறால் வாடாவும் கொண்டுவந்து வைத்தாள். டீயைக் குடித்து முடித்ததும் யூசுப் எழுந்தார்.

"உட்காருங்க. இன்னொரு கிளாஸ் போடுறேன். மழை கொஞ்சம் விடட்டும். நானும் வர்றேன், அவகிட்ட நானே பேசிக்கிறேன்."

யூசுப் உட்கார்ந்தார். ரொம்ப நாளைக்கப்புறம் நெஞ்சு லேசாக இருந்தது. சுவருக்கு ரெயின்கோட்டு போட்ட கதையை நடித்துக் காட்டினார். நௌஷாத் புரையேறும் அளவுக்குச் சிரித்தார். இரண்டாவது டீ பாதியில் இருக்கும்போது யூசுபின் போன் அடித்தது. ஹஃப்ஸா.

"வாப்பா" என்றாள். மூச்சு மட்டும் கேட்டது. "வாப்பா, உம்மா அண்டாத் தண்ணிய ஊத்தப் போனாங்க."

சுவர் கிழக்குப் பக்கமாகச் சாய்ந்திருந்தது. உத்திரங்கள் பிடி விட்டு, தளமும் கூடவே இறங்கியிருந்தது. அண்டா நிரம்பி வழிகிற சத்தம் முன்னறை வரை கேட்டதாம். நிரம்பிய பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார நஃபீசாவுக்கு என்றைக்குமே முடிந்ததில்லை. தெருக்காரர்கள் எல்லோரும் கை கொடுத்தார்கள். கற்களை எடுப்பது சுலபமாக இருந்தது. நடுவிலிருந்த மண் கரைந்து போயிருந்ததால் வெந்த கல் ஒவ்வொன்றும் முழுசாக, கழுவி வைத்தது போல் கைக்கு வந்தது. வரிசையில் நின்று கை மாற்றினார்கள். கடைசியில் நின்ற யாரோ பழக்கதோஷத்தில் அவற்றை மூலைக்கு மூலை சேர்த்து நேர்த்தியாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். யூசுப் இடிபாட்டில் தோண்டிய குழிக்குள் இறங்கி நின்றார். யாரும் அவரை மேலே ஏற்ற முடியவில்லை. பச்சைப் பெயிண்ட் ஒட்டியிருந்த ஒரு பெரிய சுண்ணாம்புப் பாளத்தைப் புரட்டியபோதுதான் நஃபீசாவின் கை தெரிந்தது.

போலீஸ் வந்தது, கிராம நிர்வாக அலுவலர் வந்தார். நஃபீசாவின் மையத்தைப் போஸ்ட்மார்ட்டத்துக்கு எடுத்துப் போனார்கள். மறுநாள் பேப்பரில் நாலு வரி வந்தது. பழமையான வீட்டின் சுவர் இடிந்து பெண் பலி, கனமழை காரணம் என்று இருந்தது.

காலையில் மழை விட்டிருந்தது. முன்னறையில் பெண்கள் யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். நௌஷாத் மையத்தை வாங்கிவர ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். யூசுப் வாசலில் போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது ஒரு டெம்போ வந்து நின்றது. செல்லதுரை இறங்கினார். கூட இரண்டு ஆட்கள், கடப்பாரை, முட்டுக்கட்டைகள். வெளியூர்க்காரர். வரவேண்டாம் என்று சொல்ல யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. வாசலில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளையும் கூட்டத்தையும் பார்த்துத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"நௌஷாத் அய்யா வரச் சொன்னாங்க. சுவரு எடுக்கணும்னு..." என்று இழுத்தார். பிறகு உள்ளே கண் போனது. "மன்னிச்சுக்கங்க பாய். நாங்க வேற நாள் வர்றோம்."

"நில்லுங்க" என்றார் யூசுப்.

சுவர் பின்பாதிதான் விழுந்திருந்தது. முன்பாதி அப்படியே நின்றது, முன்னறையின் தளத்தைத் தாங்கிக்கொண்டு. அதன் கீழேதான் பெண்கள் உட்கார்ந்து ஓதிக்கொண்டிருந்தார்கள். அவர் எழுந்து உள்ளே போனார். மார்க்கப்படி புருஷனுக்கும் ஒரு பங்கு உண்டு என்று யாரோ நேற்று ராத்திரி ஆறுதலாகச் சொல்லியிருந்தார்கள். ஊர் வழக்கப்படி வீடு பெண்ணுக்குத்தான்.

ஹஃப்ஸா கமருன்னிஸாவின் தோளில் சாய்ந்திருந்தாள். யூசுப் அவள் முன்னால் உட்கார்ந்தார்.

"ஹஃப்ஸா. மேஸ்திரி வந்திருக்காரு. மிச்சச் சுவத்தையும் எடுத்துடணும். எல்லாரும் பெரியம்மா வீட்டுக்குப் போயிடுங்க."

"உம்மாவ இங்கதானே கொண்டு வருவாங்க" என்றாள் ஹஃப்ஸா. "அவங்க வீட்டுக்குத்தானே அவங்க வரணும். அங்க எப்படி வாப்பா இறக்குறது?"

அதுதான் அவருக்கும் ராத்திரி முழுக்க மனசில் ஓடியது. நஃபீசா தன் வீட்டை விட்டு வேறு எந்த வீட்டிலும் ஒரு ராத்திரி தங்கியதில்லை. கமருன்னிஸா வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

"இது இனிமே உன் வீடும்மா. நீ சொன்னாத்தான் அவங்க கை வைப்பாங்க" என்றார். "ஆனா நான் உன்னை இதுக்குக் கீழ உட்கார வச்சுட்டு இன்னொரு தடவை வெளிய போக மாட்டேன்."

ஹஃப்ஸா சுவரைப் பார்த்தாள். முன்னறையில் அது அப்போதும் கண்ணாடி போல்தான் இருந்தது. ஓதுகிற பெண்களின் வெள்ளைத் துப்பட்டிகள் அதில் மங்கலாகத் தெரிந்தன. அவள் யாசீன் கிதாபை மூடி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு எழுந்தாள்.

"எடுக்கச் சொல்லுங்க."

பெண்கள் ஒவ்வொருவராக வாசலுக்கு இறங்கினார்கள். மறுபடி தூற ஆரம்பித்தது. யூசுப் கிழிந்து கிடந்த நீலத் தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையை யாரோ ஓடிவந்து பிடித்தார்கள். பக்கத்துத் தெருவரை அவர்களை அதன் கீழேயே கொண்டுபோய் விட்டார்கள்.

திரும்பி வந்தபோது செல்லதுரையின் ஆட்கள் தளத்துக்கு முட்டுக் கொடுத்து முடித்திருந்தார்கள். செல்லதுரை சாரத்தில் ஏறி, கடப்பாரையை வாங்குவதற்குக் கையை நீட்டினார். சமநிலைக்காக இன்னொரு கையைச் சுவரின் தலையில் ஊன்றினார். அவர் கடப்பாரையைப் பிடிப்பதற்கு முன்பே முதல் கல் அந்தக் கையோடு வந்துவிட்டது.